பெட்டியில் எட்டு, காலில் ஏழரை

லண்டனில் இருக்கும் சித்தி ஊருக்கு வருவதற்கு ஒரு மாதம் முந்தி வட்ஸ்அப்பில் கூப்பிடுவார். "அக்கா, மகன்ட சப்பாத்து என்ன நம்பர்?" அக்கா வாசலில் கிடக்கும் பழைய சோடியைப் புரட்டிப் பார்த்துவிட்டு "எட்டு" என்பார். சூரிச்சிலிருந்து மாமா கேட்டாலும் எட்டு, டொரொன்டோவிலிருந்து பெரியப்பா கேட்டாலும் எட்டுத்தான். லண்டன் கடையில் அது ஓரளவு சரியாக இருக்கும். சூரிச் கடையில் பெரியவர்களின் சப்பாத்தில் எட்டு என்ற நம்பரே இல்லை. டொரொன்டோ கடையில் எட்டு இருக்கிறது, ஆனால் அது நம் ஊர்க் கணக்கில் ஏழு அல்லது ஏழரை. கடல் தாண்டி வந்த பெட்டியைத் திரும்ப அனுப்பி மாற்றிக்கொள்ள வழியில்லை. எனவே பொருந்தாத சோடி பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் போகிறது. அந்தப் பிள்ளைக்கும் பொருந்தாவிட்டால் விறாந்தை மூலையில் கிடந்து களப்புக் காற்றில் பூஞ்சணம் பிடிக்கிறது.

நம்பர் தெரிந்தால் கால் தெரிந்துவிட்டது என்று நினைப்பதால் வரும் வினை இது. சப்பாத்தின் நம்பர் உங்கள் காலின் அளவைச் சொல்லவில்லை. எந்தக் கால்வடிவ அச்சின்மேல் அந்தச் சப்பாத்தைத் தைத்தார்களோ அந்த அச்சின் நீளத்தைச் சொல்கிறது. விரல் அசைய இடம் வேண்டும் என்பதற்காக அந்த அச்சைக் காலைவிட ஒன்றரை, இரண்டு சென்ரிமீற்றர் நீளமாகச் செய்வார்கள். எவ்வளவு இடம் விடுவது, முன்பக்கத்தை எவ்வளவு அகலமாக வைப்பது என்பதெல்லாம் ஒவ்வொரு கம்பனியின் விருப்பம். ஆகவே ஒரே காலுக்கு ஒரு கம்பனியில் எட்டும் இன்னொன்றில் ஏழரையும் சரியாக வருவதில் வியப்பில்லை.

நம்பர்கள் வந்த வழி

இலங்கைக் கடைகளில் பெரும்பாலும் இங்கிலாந்து நம்பரே புழங்குகிறது. அதன் ஒரு படி ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 8.47 மில்லிமீற்றர். மூன்று பார்லிமணிகளை நீளவாட்டில் அடுக்கினால் ஓர் அங்குலம் என்ற பழைய ஆங்கிலக் கணக்கின் எச்சம் இது. நெல் விளையும் மட்டக்களப்புப் படுவான்கரையில் இருந்துகொண்டு பார்லிமணியால் கால் அளக்கிறோம்.

பிள்ளைகளின் நம்பர் நாலு அங்குலத்தில் தொடங்கி 13 வரை ஏறும். அதற்குப் பிறகு 14 வராது, மறுபடி 1 வரும். கடையில் "பன்னிரண்டு வேணுமா, ஒண்டு வேணுமா?" என்று கேட்டால் திகைக்க வேண்டாம். 1 என்பது 13க்கு அடுத்த பெரியவர் வரிசையின் முதற்படி. இந்த வரிசையில் 8ஆம் நம்பரின் அச்சு சரியாகப் 11 அங்குலம்.

சுவிஸ், ஜேர்மனி, பிரான்ஸ் பக்கத்து நம்பர் வேறு விதம். அங்கே ஒரு படி ஒரு சென்ரிமீற்றரில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 6.67 மில்லிமீற்றர். அச்சின் நீளத்தைச் சென்ரிமீற்றரில் எடுத்து ஒன்றரையால் பெருக்கினால் நம்பர் கிடைத்துவிடும். 28 சென்ரிமீற்றர் அச்சென்றால் 42. பெரியவர், சிறியவர், ஆண், பெண் எல்லோருக்கும் ஒரே ஏணி என்பதால் கணக்கில் இதுவே நேர்மையானது என்பது என் கருத்து. நம் ஊர்ப் பெண்கள் செருப்புகளிலும் 36, 37, 38 என்று இந்த நம்பரை அடிக்கடி காணலாம்.

இங்கிலாந்துப் படியும் ஐரோப்பியப் படியும் ஒரே அளவில்லை. இங்கிலாந்துக் கணக்கில் நாலு படி ஏறும் உயரத்துக்கு ஐரோப்பியக் கணக்கில் ஐந்து படி ஏற வேண்டும். கடைச் சுவரில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் 6க்கு நேரே 39 என்றும் 7க்கு நேரே 41 என்றும் போட்டு 40ஐ விழுங்கியிருப்பார்கள். அந்த 40, ஆறரைக்குப் பக்கத்தில் எங்கோ விழுகிறது.

அமெரிக்க நம்பரும் இங்கிலாந்தைப் போல மூன்றில் ஒரு அங்குலப் படிதான், தொடங்கும் புள்ளி மட்டும் வேறு. ஆண்களுக்கு இங்கிலாந்து நம்பரோடு அரை அல்லது ஒன்று கூடும். பெண்களுக்கு ஒன்றரை முதல் இரண்டரை வரை கூடும். கனடாவிலும் அமெரிக்க நம்பரே. டொரொன்டோவிலிருந்து அக்கா அனுப்பிய 8ஆம் நம்பர் செருப்பு தங்கைக்கு ஆறாக இருப்பது இதனால்.

ஜப்பான், கொரியா, சீனா ஆகிய நாடுகளில் அச்சை விட்டுவிட்டுக் காலையே அளக்கும் முறை இருக்கிறது. 270 என்று போட்டிருந்தால் 270 மில்லிமீற்றர் நீளமான காலுக்கு ஏற்றது என்று பொருள். உலகத் தர நிர்ணய அமைப்பான ஐஎஸ்ஓவின் முறையும் இதே வழியில்தான் போகிறது: கால் நீளம், கால் அகலம், இரண்டும் மில்லிமீற்றரில். நடைபாதைக் கடைகளுக்கு வரும் சீனச் சப்பாத்துகளின் அடியிலோ நாக்கின் உட்பக்கத்திலோ 250, 255 என்ற மூன்று இலக்கத்தைத் தேடிப் பாருங்கள். பெரிய கம்பனிகளின் விளையாட்டுச் சப்பாத்துகளிலும் நாக்கின் உட்பக்கம் நாலு நம்பரும் ஒரே சீட்டில் அச்சாகியிருக்கும்.

அந்தச் சீட்டை ஒருமுறை கவனமாகப் படித்தாலே பாதிக் குழப்பம் தீரும். நைக்கின் ஆண்கள் சப்பாத்தில் இங்கிலாந்து 8 என்றால் அமெரிக்கா 9, ஐரோப்பா 42.5, நீளம் 27 சென்ரிமீற்றர். அடிடாஸில் அதே இங்கிலாந்து 8 என்றால் அமெரிக்கா 8.5, ஐரோப்பா 42, நீளம் 265 மில்லிமீற்றர். இரண்டும் எட்டுத்தான், இடையில் அரை சென்ரிமீற்றர் வித்தியாசம். நைக்கில் எட்டு அணிபவர் அடிடாஸில் எட்டரை எடுக்க வேண்டிவரும். ஆகவே சீட்டில் மற்ற நம்பர்களை விட்டுவிட்டு மில்லிமீற்றரையோ சென்ரிமீற்றரையோ பிடித்துக்கொள்ளுங்கள். எந்த நாட்டுக் கடையிலும் மொழிபெயர்ப்பு வேண்டாத அளவு அது ஒன்றுதான்.

வீட்டில் அளப்பது

ஒரு வெள்ளைக் கடதாசி, பென்சில், அடிமட்டம் போதும். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு அளவெடுங்கள். இந்த வெயிலில் காலையிலிருந்து நின்றும் நடந்தும் வந்த கால், விடிய எழுந்தபோது இருந்த காலைவிடச் சற்று வீங்கியிருக்கும். காலையில் அளந்து வாங்கிய சப்பாத்து மாலையில் கடிப்பது அதனால்தான்.

கடதாசியைச் சுவரோடு சேர்த்து நிலத்தில் வையுங்கள். மணலிலோ பாயிலோ வேண்டாம், சீமெந்துத் தரையில் வையுங்கள். குதிகால் சுவரில் தொட நிற்க வேண்டும். உட்கார்ந்து அளந்தால் பாதம் குறுகித் தெரியும், உடம்பின் பாரம் இறங்கினால்தான் அது முழுமையாக விரியும். குனிந்து தன் காலைத் தானே வரைவதும் சரிவராது, குனிந்தவுடன் பாரம் முன்னால் சாய்ந்துவிடும். வேறொருவர் பென்சிலை நிமிர்த்திப் பிடித்து வரையட்டும். பென்சில் சரிந்தால் கோடு பாதத்தின் அடிக்குள் நுழைந்து அளவைக் குறைத்துவிடும்.

சுவரிலிருந்து ஆக நீண்ட விரல் வரை அளந்துகொள்ளுங்கள். ஆக நீண்டது பெருவிரலாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, பலருக்கு இரண்டாம் விரலே முந்தி நிற்கும். பிறகு அகலம்: பெருவிரலின் அடிமூட்டிலிருந்து சுண்டுவிரலின் அடிமூட்டு வரை, பாதத்தின் ஆக அகன்ற இடம். இரண்டு காலையும் அளந்து, பெரிய காலின் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள்.

சின்னப்பிள்ளை இருக்கும் வீட்டில் கடதாசி, பென்சில் எல்லாம் நடக்கிற காரியமில்லை. தென்னை ஈர்க்கு ஒன்றை எடுத்து, பிள்ளை நிற்கும்போது குதிகால் முதல் விரல் நுனி வரை வைத்து முறித்து, கடைக்குக் கொண்டுபோகலாம். ஈர்க்கைச் சப்பாத்துக்குள் விட்டு, குதிப்பக்கம் முட்டவைத்து, முன்னால் உங்கள் கைப் பெருவிரல் ஒன்றின் அகலம் மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள். ஈர்க்கின் அளவுக்கே சப்பாத்தும் இருந்தால் அது அந்தப் பிள்ளைக்குச் சிறிது. இதைச் சொல்வதற்குக் காரணம், ஈர்க்கோடு வருபவர்களில் பலர் ஈர்க்கு இறுக்கமாகப் பொருந்தும் சோடியைத் தேடி எடுத்துப் போவதுதான்.

கால் நீளத்தோடு ஒன்றரை சென்ரிமீற்றர் கூட்டிக் கணக்கிட்டால் ஏறத்தாழ இப்படி வரும்:

23 சென்ரிமீற்றர் கால் – இங்கிலாந்து 4, ஐரோப்பா 37
24 – 5, 38
24.7 – 6, 39
25.6 – 7, 41
26.4 – 8, 42
27.3 – 9, 43
28.1 – 10, 44.5

இது தொடங்கும் இடம் மட்டுமே. இதற்கு ஒரு படி மேலேயும் ஒரு படி கீழேயும் போட்டுப் பார்க்காமல் எதையும் வாங்க வேண்டாம்.

வெளிநாட்டில் இருப்பவருக்குச் செய்தி அனுப்பும்போது நம்பரைச் சொல்லாதீர்கள். "வலது கால் நீளம் 264 மில்லிமீற்றர், அகலம் 104, மேற்பாதம் உயரம், பாடசாலை விளையாட்டுக்கு" என்று எழுதுங்கள். காலை வரைந்த கடதாசியைப் படம்பிடித்து அனுப்புவதாலும் பயனில்லை, கமரா சாய்ந்த பக்கம் படமும் நீண்டும் குறுகியும் போகும். அளந்த இலக்கத்தை எழுத்தில் அனுப்புவதே பிழைக்காது.

அகலம் என்ற மறந்த கணக்கு

இந்தப் பகுதிக் கால்களுக்குச் சப்பாத்துப் பொருந்தாமல் போவதன் முதற்காரணம் நீளம் இல்லை, அகலம். சிறுவயதில் வெறுங்காலோடு மணலில் ஓடி, வயலில் இறங்கி, வீட்டுக்குள்ளே எப்போதும் செருப்பில்லாமல் நடந்து வளர்ந்த பாதத்தின் முன்பகுதி விரிந்திருக்கும். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரிந்து நிற்கும். இது குறையே இல்லை, கால் தன் இயல்பில் வளர்ந்திருக்கிறது என்பதன் அடையாளம். ஐரோப்பாவில் குளிருக்குச் சிறுவயது முதலே மூடிய சப்பாத்து அணிந்த கால்களுக்காகச் செய்த ஒடுங்கிய அச்சில் இந்தக் கால் நுழைய மறுக்கிறது.

1992இல் இந்தியாவின் மணிப்பால் மருத்துவர்களான ராவ், பெஞ்சமின் ஜோசப் இருவரும் 4 முதல் 13 வயது வரையான 2,300 பிள்ளைகளின் பாதத் தடங்களை ஆராய்ந்து வெளியிட்டார்கள். சப்பாத்தோ செருப்போ அணிந்து வளர்ந்தவர்களில் 8.6 வீதத்தினருக்குத் தட்டைப்பாதம் இருந்தது, வெறுங்காலோடு வளர்ந்தவர்களில் 2.8 வீதத்தினருக்கே இருந்தது. முன்பக்கம் மூடிய சப்பாத்து அணிந்தவர்களிடம் அது கூடுதலாகவும், செருப்பு அணிந்தவர்களிடம் குறைவாகவும் காணப்பட்டது. இதைப் படித்துவிட்டுப் பிள்ளையின் சப்பாத்தைத் தூக்கி எறிய வேண்டாம், கண்ணாடித் துண்டும் ஆணியும் கிடக்கும் தெருவில் அது வேண்டும். வீட்டில், முற்றத்தில், கடற்கரையில் பிள்ளையை வெறுங்காலோடு விடுங்கள் என்பதற்கு இது போதிய காரணம்.

இந்தியாவில் இந்த அகலப் பிரச்சினையை இப்போதுதான் நாடளாவிய அளவில் எடுத்திருக்கிறார்கள். சென்னையில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை முப்பரிமாணக் கருவியால் அளந்தது. இங்கிலாந்து, ஐரோப்பிய, அமெரிக்க அச்சுகளைவிட இந்தியக் கால்கள் அகலமானவை என்று கண்டு, 'பா' என்ற பெயரில் எட்டுப் படிகள் கொண்ட புதிய அளவுமுறையை முன்மொழிந்தது. நம் தீவுக்கு அப்படி ஒன்று வரும்வரை நாமேதான் அடிமட்டத்தைக் கையில் எடுக்க வேண்டும்.

ஒடுங்கிய சப்பாத்தைக் கண்டால் நாம் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: ஒரு நம்பர் கூட்டி எடுப்பது. அதில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். இங்கிலாந்துக் கணக்கில் ஒரு நம்பர் கூடினால் நீளம் எட்டரை மில்லிமீற்றர் கூடும், முன்பாதத்தின் சுற்றளவு ஏறத்தாழ ஆறு மில்லிமீற்றர் கூடும். சுற்றளவில் ஆறு என்றால் உள்ளே அகலத்தில் கிடைப்பது இரண்டு மில்லிமீற்றர் அளவே. இரண்டு மில்லிமீற்றருக்காக எட்டரை மில்லிமீற்றர் நீளத்தைச் சுமக்கிறீர்கள். குதிகால் வழுகும், சப்பாத்து மடியும் இடம் விரல் மடியும் இடத்துக்கு முன்னால் தள்ளிப்போகும், கால் முன்னால் சறுக்கி நகம் கறுக்கும்.

வெளிநாட்டில் சில கம்பனிகள் ஒரே நீளத்தில் பல அகலங்களைச் செய்கின்றன. நியூ பேலன்ஸின் ஆண்கள் சப்பாத்தில் டி என்பது சாதாரணம், 2ஈ அகலம், 4ஈ மிக அகலம். பெண்களுக்குச் சாதாரணம் பி, டி என்றால் அகலம். கிளார்க்ஸின் ஆண்கள் சப்பாத்தில் ஜி சாதாரணம், எச் அகலம். இங்கே கடைகளில் இவை கிடைப்பது அரிது, எனவே லண்டனிலிருந்தோ டொரொன்டோவிலிருந்தோ வாங்கியனுப்பச் சொல்லத் தகுந்தது அகலமான சோடிதான். இங்கேயே கிடைக்கும் நம்பருக்காக அவர்கள் பெட்டியில் பாரம் ஏற்ற வேண்டியதில்லை.

கடையில்

நகரத்துக் கடைத்தெருவுக்கோ காத்தான்குடி பிரதான வீதிக்கோ போனால், நோன்புப் பெருநாளுக்கும் தீபாவளிக்கும் முந்திய வாரங்களைத் தவிருங்கள். அந்த நெரிசலில் உட்காரவே இடமிருக்காது, நடந்து பார்ப்பது எங்கே? எந்த சொக்ஸோடு அணியப்போகிறீர்களோ அதைக் கையோடு கொண்டுபோங்கள்.

சில நாடுகளில் கடைக்காரர் காலை ஓர் உலோகத் தட்டில் வைத்து அளப்பார். 1920களில் அமெரிக்காவின் சிரக்கியூஸ் நகரில் சார்ல்ஸ் பிரானொக் என்பவர் வடிவமைத்த கருவி அது. அது மூன்று அளவுகளை எடுக்கும்: முழு நீளம், அகலம், குதிகாலிலிருந்து பெருவிரல் அடிமூட்டு வரையான நீளம். மூன்றாவது நாம் யோசிக்காத ஒன்று. இருவரின் கால்கள் ஒரே நீளமாக இருக்கலாம், ஒருவருக்கு விரல்கள் நீளம், மற்றவருக்குக் குட்டை. சப்பாத்து மடிய வேண்டிய இடம் இருவருக்கும் வேறு. கருவி இல்லாவிட்டாலும் இதைப் பார்த்துவிடலாம்: சப்பாத்தைக் கையில் எடுத்து நுனியை மேலே மடக்குங்கள். அது மடியும் கோடும், அணிந்துகொண்டு குதியை உயர்த்தினால் உங்கள் கால் மடியும் கோடும் ஒன்றாக இருக்க வேண்டும். நடுவில் மடிந்தால் அந்தச் சப்பாத்து யாருக்கும் ஆகாது.

உள்தகடு கழன்று வருமானால் அதை வெளியே எடுத்து நிலத்தில் போட்டு மேலே ஏறி நில்லுங்கள். கடையில் செய்யக்கூடிய ஆகச் சிறந்த சோதனை இது, காசும் இல்லை. முன்னால் ஒரு பெருவிரல் அகலம் மிஞ்ச வேண்டும், பக்கவாட்டில் பாதம் தகட்டுக்கு வெளியே வழியக் கூடாது. சுண்டுவிரல் வெளியே தொங்கினால் விற்பவர் எவ்வளவு வற்புறுத்தினாலும் வைத்துவிடுங்கள்.

"போடப் போட இளகும்" என்பது கடைகளில் அடிக்கடி கேட்கும் வசனம். தோல் அகலவாட்டில் ஒள்ளுப்பம் இளகும். றெக்சீனும் பிளாஸ்டிக்கும் இளகுவதில்லை, உடைகின்றன. நீளம் எந்தப் பொருளிலும் கூடாது. முன்னால் விரல் முட்டும் சப்பாத்து முதல் நாளும் முட்டும், ஆறு மாதம் கழித்தும் முட்டும்.

நம் ஊரின் இன்னொரு சிக்கல் கழற்றிப் போடுவது. வீட்டில், கோயிலில், பள்ளிவாசலில், சில அலுவலக வாசல்களில்கூட ஒரு நாளில் எத்தனை முறை கழற்றுகிறோம்! லேஸ் அவிழ்க்கச் சோம்பல்பட்டு, கால் வழுகிப் போய்வரும்படி பெரிய நம்பரை எடுப்பவர்கள் உண்டு. பின்பக்கத்தை மிதித்து மடக்கிச் செருப்பாக்கிக்கொள்பவர்களும் உண்டு. பெரிய நம்பருக்குப் பதில் லேஸ் இல்லாத, மேற்பாதத்தில் இழுபட்டியோ வெல்க்ரோவோ உள்ள சோடியைச் சரியான நம்பரில் வாங்குங்கள். பின்பக்கம் மடங்கிய சப்பாத்தில் குதியைப் பிடிக்க எதுவும் இல்லை, எவ்வளவு விலை கொடுத்ததாக இருந்தாலும் அதன் வேலை அன்றோடு முடிந்தது.

பாட்டா என்று நாம் சொல்லும் றப்பர்ச் செருப்புக்கும் நம்பர் உண்டு என்பதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. குதி பின்னால் வெளியே தொங்கக் கூடாது. விரல்கள் செருப்பைப் பிடித்துக்கொள்ள மடங்கியபடியே நடந்தால் அது பெரிது.

பிள்ளைகளின் வெள்ளைச் சப்பாத்து

பாடசாலை தொடங்கும் காலத்தில் வெள்ளைச் சப்பாத்து வாங்கும் தாய்மாரின் கணக்கு வேறு. இந்த வருடமும் அடுத்த வருடமும் போட வேண்டும் என்று இரண்டு நம்பர் பெரிதாக எடுத்து, நுனியில் பஞ்சையோ கடதாசியையோ திணித்துவிடுவார்கள். வீட்டுப் பொருளாதாரம் அப்படி, குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் இரண்டு நம்பர் என்பது 17 மில்லிமீற்றர். பிள்ளை ஓடும்போது தடுக்கி விழுவதும், குதி உரசிப் புண்ணாவதும், வருட முடிவில் கால் நிரம்பும் நேரத்தில் சப்பாத்தின் அடி தேய்ந்து கிழிந்திருப்பதும் வழமை. முன்னால் ஒரு பெருவிரல் அகலத்தோடு நிறுத்துங்கள், பிள்ளை வளரும் வயதென்றால் அதற்கு மேல் நாலைந்து மில்லிமீற்றர் போதும். ஆறு வயது வரை மூன்று நாலு மாதத்துக்கு ஒருமுறை கால் அளவை எடுங்கள், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. சிறு பிள்ளைகள் வலிக்கிறது என்று சொல்ல மாட்டார்கள், விரலை மடக்கிக்கொண்டு நடந்துவிடுவார்கள். மேலே சொன்ன சென்னை நிறுவனத்தின் ஆய்வில் கால் வளர்ச்சி உச்சம் தொட்ட வயது பெண்பிள்ளைகளுக்குப் பதினொன்று, ஆண்பிள்ளைகளுக்குப் பதினைந்து, பதினாறு. அந்த வயதில் அண்ணனின் சப்பாத்துத் தம்பிக்கு என்ற திட்டம் தலைகீழாகவும் போகும்.

அண்ணன் போட்ட சப்பாத்தைத் தம்பிக்குக் கொடுப்பதில் ஒரு கவனம் வேண்டும். அடியைத் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் அண்ணனின் நடை அதில் பதிந்துவிட்டது, தம்பியின் காலையும் அந்தப் பக்கம் சாய்க்கும்.

மாணவர் தொகை குறைந்த பாடசாலைகளுக்கு அரசு கொடுக்கும் சப்பாத்து வவுச்சர் கையில் இருந்தால், பிள்ளையைக் கடைக்குக் கூட்டிப் போங்கள். முடிவு திகதி நெருங்கக் கடையில் மிஞ்சுவது யாருக்கும் பொருந்தாத நம்பர்கள்தான். திகதியைப் பார்த்து முதல் வாரத்திலேயே போவது நல்லது. கன்வஸ் சப்பாத்தைக் கழுவினால் சவர்க்காரம் முழுவதும் போகும்வரை அலசி, நிழலில் காயவையுங்கள். சவர்க்காரம் தங்கிய துணி வெயிலில் மஞ்சளாகும்.

மாரியும் களப்பும்

நவம்பர் தொடங்கி ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை. குருமண்வெளியிலிருந்து களப்பைக் கடந்து மண்டூருக்குப் போகும் மிதவைப் பாதையில் ஏறும் ஆசிரியைகள் சப்பாத்தைப் பையில் வைத்துக்கொண்டு செருப்போடு வருவது இந்தக் காலத்தில் புத்தியான காரியம். நனைந்த தோல் காலின் சூட்டோடு இளகி, காயும்போது சுருங்கும், இரண்டு மூன்று நனைவில் நேற்றுப் பொருந்திய சோடி இன்று இறுகும். நனைந்தால் உள்ளே பழைய பத்திரிகையைத் திணித்து, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். அடுப்படியிலோ வெயிலிலோ வைத்தால் ஒட்டுப்பசை விட்டுவிடும்.

மழைகாலத்து வயல் வேலைக்குக் கம்பூட்ஸ் வாங்குவோர் தடித்த சொக்ஸோடு அளவு பார்க்க வேண்டும். எலிக்காய்ச்சல் பயத்தில் பெரிய நம்பரை எடுத்துவிட்டு, சேற்றில் காலை இழுக்கும்போது பூட்ஸை உள்ளேயே விட்டுவருவது வயலில் வழமையான சிரிப்பு. குதியும் மேற்பாதமும் இறுக்கமாகப் பிடிக்க, விரலுக்கு மட்டும் இடமிருக்க வேண்டும்.

சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு

இதுவரை சொன்னவை எல்லாம் கால் தன் வலியைத் தானே சொல்லும் என்ற நம்பிக்கையில் எழுதியவை. நீண்டகாலச் சீனி வருத்தத்தில் பாதம் மரத்துப்போனவர்களுக்கு அந்த நம்பிக்கை செல்லாது. மரத்த கால் இறுகிய சப்பாத்தைத்தான் சரி என்று உணரும், தளர்ந்ததைப் பெரிது என்று ஒதுக்கும். அவர்கள் உணர்வை விட்டுவிட்டு அளவை நம்ப வேண்டும்: உள்தகட்டின்மேல் நிற்கும் சோதனை, அடிமட்டக் கணக்கு, கூட வந்தவரின் கண். முன்பக்கம் உயரமான, உள்ளே தையல் முட்டாத, மூடிய சோடியைத் தேர்ந்தெடுங்கள். பாட்டாவின் பிடி விரலிடுக்கில் உரசிப் புண் வைத்தால், அது ஆறாமல் இழுக்கக்கூடும்.

புதிய சோடியை முதல் நாள் ஒரு மணிநேரம் மட்டும் வீட்டுக்குள் அணிந்து, கழற்றிப் பாதத்தின் எல்லாப் பக்கமும் பாருங்கள். சிவந்த இடம் கொஞ்ச நேரத்தில் மறையாவிட்டால் அந்தச் சோடி வேண்டாம். அடிப்பாதத்தைப் பார்க்க முடியாதவர்கள் நிலத்தில் ஒரு கண்ணாடியை வைத்துக்கொள்ளலாம், அல்லது பேரப்பிள்ளையைக் கூப்பிடலாம். ஒவ்வொரு முறையும் அணிய முன் கையை உள்ளே விட்டுத் துழாவுங்கள்: மணல், சிறு கல், மழைகாலத்தில் தேரைக்குஞ்சோ தேளோகூட இருக்கும். தோல் உடைந்தால் வீட்டு வைத்தியத்தில் நாளைக் கடத்தாமல் கிளினிக்குக்குப் போய்விடுங்கள்.

பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு பழைய செருப்பு இறுகுகிறது என்று சொல்லும் பெண்களும், அறுபதைக் கடந்தபின் நம்பர் கூடியது என்று சொல்லும் ஆண்களும் கற்பனை செய்யவில்லை. வயதோடு பாத வில் சற்றுத் தாழ்ந்து கால் நீளும், விரியும். பெரியவர்களும் சில வருடத்துக்கு ஒருமுறை கடதாசியில் காலை வரைவது வீண்போகாது.

வாங்கியபின் தெரியவரும் சிறு குறைகளுக்குச் சப்பாத்துத் தைப்பவர் இருக்கிறார். தோல் சப்பாத்தின் பக்கத்தைக் கட்டையிட்டு அகட்டலாம், குதி வழுகினால் உட்புறத்தில் மெல்லிய தோல் ஒட்டலாம், கடிக்கும் தையலை அடித்துச் சமப்படுத்தலாம். நீளக் குறைவை அவரால் எதுவும் செய்ய முடியாது. அந்தச் சோடியைப் பற்றுச்சீட்டோடு அன்றைக்கே கடைக்குத் திருப்பிக் கொண்டுபோங்கள். அடியில் மண் படுமுன் போனால் பெரும்பாலான கடைக்காரர்கள் மாற்றித் தருவார்கள்.